சஸ்காச்சுவானின் டாமி டக்ளஸ்: ஒரு மாகாணக் கட்சித் தலைவரின் பொதுவாழ்வு

நோயாளி மருத்துவரிடம் பணம் கொடுக்காமலே சிகிச்சை பெற வழிசெய்யும் பொது மருத்துவக் காப்பீட்டைக் கனடிய மக்கள் இன்று தங்கள் தேசிய அடையாளங்களுள் ஒன்றாகக் கருதுகின்றனர். எனினும் அது தலைநகரான ஒட்டாவாவில் பிறந்ததன்று. கனடாவின் அரசியலமைப்புக்கு அடிப்படையாக அமைந்த 1867ஆம் ஆண்டுப் பிரித்தானிய வட அமெரிக்கச் சட்டம், மருத்துவமனைகளை நிறுவி நடத்தும் அதிகாரத்தை மாகாணங்களுக்கே ஒதுக்கியது. மாகாணம் என்பது அங்கே தனக்கெனச் சட்டமன்றமும் முதல்வரும் வரி விதிக்கும் உரிமையும் கொண்ட ஆட்சிப் பிரிவு. ஆகவே மருத்துவக் காப்பீட்டின் தொடக்க வரலாறு ஒரு மாகாணத்தின் வரலாறாகவே அமைந்தது. அம்மாகாணம், மேற்கின் புல்வெளிச் சமவெளியில் கோதுமையை நம்பி வாழ்ந்த சஸ்காச்சுவான். 1944 முதல் 1961 வரை அதன் முதல்வராக இருந்தவர், மக்கள் டாமி டக்ளஸ் என்று அழைத்த தாமஸ் கிளெமென்ட் டக்ளஸ். மருத்துவக் காப்பீட்டின் தந்தை என்று அவரைப் போற்றுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவருடைய பெருமை ஒரு புதுமையைக் கண்டுபிடித்ததில் இல்லை. ஊர்ப்புற மக்கள் முன்னமே செய்து பழகியிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கான பணத்தையும் படுக்கைகளையும் அலுவலர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரட்டி, பதினேழு ஆண்டு நீண்ட ஏற்பாட்டின் முடிவில் சட்டமாகும் நிலைக்குக் கொண்டுவந்த பொறுமையில் இருக்கிறது.

சஸ்காச்சுவான் 1905இல்தான் மாகாணமாயிற்று. பிரித்தானியா, உக்ரைன், ஜெர்மனி, ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகியவற்றிலிருந்து வந்து குடியேறியவர்கள் பெரும்பரப்புள்ள பண்ணைகளில், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டைக் காண்பதே அரிதான தொலைவில் வாழ்ந்தனர். தனி மருத்துவர் ஒருவர் இத்தகைய ஊரில் தொழில் நடத்திப் பிழைப்பது கடினம். விளைச்சல் பொய்த்த ஆண்டில் கட்டணம் வராது, கட்டணம் வராவிட்டால் மருத்துவர் வேறிடம் போய்விடுவார். இந்நிலையில் சார்னியா என்னும் ஊர்ப்புற ஆட்சிமன்றம் 1914இல் தன் வரிப்பணத்திலிருந்து பணம் கொடுத்து ஒரு மருத்துவரை ஊரிலேயே நிறுத்திக்கொண்டது. 1916இல் மாகாணச் சட்டம் இந்த வழக்கத்துக்கு இடமளித்தது; பல ஊர்கள் ஒன்றுகூடிப் பொது மருத்துவமனை கட்டிக்கொள்ளவும் அதே ஆண்டில் வழி பிறந்தது. ஆட்சிமன்ற மருத்துவர் முறை என வழங்கிய இவ்வேற்பாடு அதன்பின் ஊர் ஊராகப் பரவியது. காசநோய்க்கு எல்லாருக்கும் கட்டணமில்லாச் சிகிச்சை என்னும் ஏற்பாட்டை 1929இல் இம்மாகாணமே கனடாவில் முதலில் மேற்கொண்டது. தானிய வணிகர்களின் பிடியிலிருந்து விடுபட 1924இல் உழவர்கள் தொடங்கிய கோதுமைக் கூட்டுறவு, இருப்புப்பாதை ஓரங்களில் எழுந்த அதன் தானியக் களஞ்சியங்கள், ஊர்ப்புறத் தொலைபேசிச் சங்கங்கள் ஆகிய அனைத்தும் கூடிச் செயல்படும் பழக்கத்தை அம்மக்களிடம் வேரூன்றச் செய்திருந்தன. டக்ளஸ் அரசியலுக்கு வருவதற்கு முன்பே இருந்த இந்த அடித்தளத்தை மறந்துவிட்டு அவர் செய்ததை மதிப்பிட முடியாது.

டக்ளஸ் 1904 அக்டோபர் 20 அன்று ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் நகரையடுத்த கேமலனில் பிறந்தார். அவருடைய தந்தை இரும்பு வார்ப்புத் தொழிலாளி. குடும்பம் சில ஆண்டுகளில் கனடாவின் வின்னிபெக் நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவயதில் விழுந்து அடிபட்ட முழங்காலில் எலும்பு அழற்சி நோய் கண்டு, காலையே துண்டிக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் தம் மாணவர்களுக்குக் கற்பிக்கும் பொருட்டுக் கட்டணம் வாங்காமல் சிகிச்சை செய்து காலைக் காப்பாற்றினார். ஒரு சிறுவனின் கால் தந்தையின் பணப்பையையோ தற்செயலான ஒரு கருணையையோ நம்பி இருக்கலாகாது என்பதைத் தம் பொதுவாழ்வு முழுவதும் அவர் இந்நிகழ்ச்சியைச் சுட்டியே விளக்கிவந்தார். 1919 ஜூன் 21 அன்று வின்னிபெக் பொது வேலைநிறுத்தத்தின்போது காவல்படை துப்பாக்கி நீட்டியதை அவர் ஒரு கட்டடக் கூரையிலிருந்து கண்டார். அச்சுக்கூடத்தில் பயிற்சி பெற்றுத் தொழிலாளியாக இருந்த காலத்தில் மானிட்டோபா மாகாணத்தின் இலகு எடைக் குத்துச்சண்டை வாகையரும் ஆனார். பின்னர் பிராண்டன் கல்லூரியில் பயின்று, 1930இல் சஸ்காச்சுவானின் வெய்பர்ன் நகரின் பாப்டிஸ்ட் திருச்சபைக்குப் போதகராக வந்தார். மறுவுலக மீட்பைப் போதிப்பதோடு நில்லாமல் இவ்வுலகின் வறுமையையும் அநீதியையும் அகற்றுவதே கிறிஸ்தவக் கடமை எனக் கொண்ட சமூக நற்செய்தி இயக்கம் அக்கல்லூரியில் வலுவாக இருந்தது. அவருடைய அரசியலின் மொழியும் நியாயமும் அங்கிருந்தே வந்தன.

அவர் வெய்பர்னுக்கு வந்த வேளை கொடியது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கோதுமையின் விலை சரிந்தது. அதனுடன் பல ஆண்டு வறட்சியும், உழுத மேல்மண்ணை வாரிச்சென்ற புழுதிப் புயல்களும் சேர்ந்துகொண்டன. கனடாவில் இவ்வீழ்ச்சியால் வேறெந்த மாகாணமும் இவ்வளவு வருமானத்தை இழக்கவில்லை. 1931 செப்டம்பரில் அருகிலிருந்த எஸ்டவானில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது காவல்படையின் துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தனர். டக்ளஸ் அத்தொழிலாளர் குடும்பங்களுக்கு உணவு திரட்டிக் கொண்டுசென்றார். உழவர் சங்கங்களும் தொழிலாளர் கட்சிகளும் இணைந்து 1932இல் கால்கரியில் கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு என்னும் கட்சியைத் தொடங்கின, சி.சி.எஃப். என்றே வழங்கிய அது, அடுத்த ஆண்டு சஸ்காச்சுவானின் தலைநகர் ரெஜைனாவில் தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 1934 மாகாணத் தேர்தலில் வெய்பர்னில் போட்டியிட்ட டக்ளஸ் மூன்றாமிடம் பெற்றுத் தோற்றார். 1935இல் அதே பெயருடைய தொகுதியிலிருந்து கூட்டரசு நாடாளுமன்றத்துக்கு வென்று சென்றார். அத்தேர்தலில், அச்சடித்துப் பங்கிடும் பணத்தால் பொருளாதாரத்தைச் சீர்செய்யலாம் என்று கூறிய சமூகக் கடன் கட்சியினரின் ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டது பெரும் பூசலுக்கு இடமாயிற்று. மாகாணத்தில் கட்சியின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவரான ஜார்ஜ் வில்லியம்ஸ் அவரைக் கட்சியிலிருந்து நீக்க முயன்றார், கட்சியின் மற்றொரு தலைவரான எம். ஜே. கோல்ட்வெல் காப்பாற்றினார்.

இந்தப் பகை ஏழாண்டுகளுக்குப் பின் தலைமைப் போட்டியாக வெளிப்பட்டது. கட்சியின் மாகாண அமைப்பைக் கட்டியெழுப்பியவர் வில்லியம்ஸ்தான். ஊர்தோறும் கிளைகள், சந்தா செலுத்தும் உறுப்பினர்கள், ஆண்டு மாநாட்டில் விவாதித்துத் தீர்மானிக்கப்படும் கொள்கைகள் என அமைந்த கட்டமைப்பு அவர் உழைப்பின் பயன். ஆனால் நிலத்தை அரசுடைமையாக்கும் பழைய கோரிக்கையின் நிழலிலிருந்து கட்சியை விடுவித்து, அச்சத்தோடு பார்த்த சிறுநகர மக்களிடம் கொண்டுசெல்லும் நாவன்மை டக்ளஸுக்கே இருந்தது. நகைச்சுவையும் விவிலியச் சாயலும் கலந்த அவருடைய மேடைப்பேச்சு வானொலியிலும் செல்லுபடியாயிற்று. எலிகள் மீண்டும் மீண்டும் பூனைகளையே ஆட்சிக்குத் தேர்ந்தெடுக்கும் எலிநாட்டுக் கதையை, அதை முதலில் சொன்ன கிளாரன்ஸ் கில்லிஸைவிட டக்ளஸே பரப்பினார். வில்லியம்ஸ் போர்ப்பணிக்குச் சென்றிருந்த 1942இல் மாகாணக் கட்சியின் தலைமை டக்ளஸிடம் வந்தது. ஆட்சியிலிருந்த லிபரல் கட்சி போரைக் காரணம் காட்டிச் சட்டமன்றத்தின் ஆயுளை ஐந்தாண்டுக்கு மேலும் நீட்டித்து மக்களின் கோபத்தைச் சேர்த்துக்கொண்டது. 1944 ஜூன் 15 தேர்தலில் 52 இடங்களில் 47ஐ சி.சி.எஃப். வென்றது, வட அமெரிக்காவில் சமதர்மக் கொள்கையை அறிவித்த ஒரு கட்சி ஆட்சி அமைத்தது அதுவே முதல் முறை. வெற்றிக்குப் பின்னும் கட்சி மாநாடு அமைச்சரவையைக் கேள்வி கேட்டது. கூட்டுறவுச் சங்கத்திலும் பள்ளிக் குழுவிலும் பொறுப்பிலிருந்த உழவர்களே கட்சிக் கிளைகளிலும் இருந்தனர் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் சீமோர் மார்ட்டின் லிப்செட் 1950இல் வெளியிட்ட வேளாண் சமதர்மம் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஆட்சியின் முதல் ஆண்டுகள் வேகமானவை. உழவரின் வீட்டு நிலத்தைக் கடனுக்காகப் பறிப்பதைத் தடுக்கும் சட்டமும், அரசு ஊழியர்களுக்கும் கூட்டுப் பேர உரிமை தந்த தொழிற்சங்கச் சட்டமும் 1944இலேயே நிறைவேறின; கனடாவின் முதல் மனித உரிமைச் சட்டம் 1947இல் இங்கே வந்தது. அரசே நடத்தும் காப்பீட்டு நிறுவனமும் பேருந்து நிறுவனமும் எழுந்தன. பின்னர் மின்சாரக் கழகம் பல்லாயிரம் பண்ணைகளுக்கு மின்விளக்கைக் கொண்டுசென்றது. எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. காலணித் தொழிற்சாலை, தோல் பதனிடும் ஆலை, கம்பளி ஆலை ஆகியவை நட்டத்தில் மூடப்பட்டன. தோல்வியை ஒப்புக்கொண்டு மூடிய அந்த முடிவுகளே அரசின் நேர்மைக்குச் சான்றாகும். நிதியமைச்சர் கிளாரன்ஸ் ஃபைன்ஸின் பங்கை இங்கே தனித்துக் கூற வேண்டும். பெருங்கடனோடு கைக்கு வந்த கருவூலத்தை அவர் ஆண்டுதோறும் மிகுதி காட்டும் வரவுசெலவுத் திட்டங்களால் மீட்டெடுத்தார்; வட்டி கட்டும் பணம் வங்கியாளர்களுக்குப் போகும்வரை மருத்துவமனைக்குப் போகாது என்பதே டக்ளஸின் கணக்கு. சமதர்மவாதி ஒருவர் கடனுக்கு இவ்வளவு அஞ்சியது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் முப்பதுகளில் ஏலத்துக்கு வந்த பண்ணைகளைப் பார்த்தவரிடம் அவ்வச்சம் இயல்பானது.

மக்கள் நல்வாழ்வுத் துறையை டக்ளஸ் 1944 முதல் 1949 வரை தம் கையிலேயே வைத்திருந்தார். பதவியேற்ற சில மாதங்களிலேயே மருத்துவ வரலாற்றறிஞர் ஹென்றி சிகரிஸ்ட்டை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைத்து மாகாணத்தின் நிலையை ஆராயச் செய்தார். முதியோர் உதவித்தொகை பெறுவோருக்குக் கட்டணமில்லா மருத்துவமும், புற்றுநோயாளிகளுக்கும் மனநோயாளிகளுக்கும் பொதுச் செலவில் சிகிச்சையும் உடனே தொடங்கின. 1946 ஜூலையில் தென்மேற்கிலுள்ள ஸ்விஃப்ட் கரண்ட் வட்டார மக்கள் தாங்களே வாக்களித்து, மருத்துவர் கட்டணம் முழுவதையும் பொது நிதியிலிருந்து செலுத்தும் திட்டத்தை மேற்கொண்டனர். சில ஆண்டுகளில் அவ்வட்டாரத்தின் மருத்துவர் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. கட்டணம் உறுதியாகக் கிடைக்கும் இடத்துக்கு மருத்துவர் வந்து சேர்வார் என்பதை அது மெய்ப்பித்தது. 1947 ஜனவரி 1 அன்று மாகாணம் முழுமைக்குமான மருத்துவமனைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர், குடும்பத்துக்கு அதிகபட்சம் 30 டாலர் சந்தா; அதைச் செலுத்தியவர் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களுக்குக் கட்டணம் இல்லை. இத்தகைய திட்டம் வட அமெரிக்காவில் அதற்கு முன் எங்கும் இருந்ததில்லை. ஆனால் இது மருத்துவமனைச் செலவுக்கு மட்டுமே. மருத்துவருக்குத் தரவேண்டிய கட்டணம் நோயாளியின் பொறுப்பாகவே தொடர்ந்தது. இரண்டையும் ஒருசேர மேற்கொள்ளப் பணம் போதாது என்பதால் டக்ளஸ் இரண்டாம் பாதியை ஒத்திவைத்தார்.

அவருடைய பொதுவாழ்வில் மறைக்கக்கூடாத ஒரு பகுதியும் உண்டு. 1933இல் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முதுகலை ஆய்வேட்டில், மனவளர்ச்சி குன்றியோரும் வறுமையில் உழன்றோருமான சில வெய்பர்ன் குடும்பங்களை ஆராய்ந்த அவர், அவர்களுள் சிலருக்குக் கருத்தடை செய்யலாம் என்று எழுதினார். மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தலாம் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கை அப்போது கல்வியாளர்களிடையே பரவியிருந்தது. அண்டை மாகாணமான ஆல்பர்ட்டா 1928இல் இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டம் 1972 வரை நீடித்தது. காலத்தின் பொதுக்கருத்து என்பதால் அவ்வரிகளின் கொடுமை குறைந்துவிடாது. 1936இல் ஜெர்மனிக்குச் சென்றுவந்தபின் அவர் அக்கருத்தைக் கைவிட்டார். நல்வாழ்வு அமைச்சரானபோது கருத்தடையைப் பரிந்துரைத்த அறிக்கைகளை ஏற்க மறுத்தார். சஸ்காச்சுவானில் அத்தகைய சட்டம் வரவேயில்லை. முதற்குடி மக்கள் தொடர்பிலும் இதே இரட்டை நிலை காணப்படுகிறது. ஒப்பந்த உரிமையுள்ள முதற்குடியினருக்கு மாகாண வாக்குரிமை 1960இல் அவர் ஆட்சியிலேயே கிடைத்தது. ஆயினும் வடக்கின் காட்டுப் பகுதிகளில் மீனையும் மென்மயிர்த் தோலையும் அரசு வழியே விற்கவேண்டும் என்று வகுத்த திட்டங்கள், அங்குள்ளோரைக் கேளாமலே அவர்கள் நலனைத் தீர்மானித்தவை.

இரண்டாம் பாதிக்கான பணம் 1958இல் வந்தது. மாகாணங்களின் மருத்துவமனைக் காப்பீட்டுச் செலவில் ஏறத்தாழப் பாதியைக் கூட்டரசு ஏற்கும் என 1957இல் இயற்றிய சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்ததும், சஸ்காச்சுவானின் கருவூலத்தில் பெருந்தொகை விடுபட்டது. 1959 டிசம்பரில் டக்ளஸ் வானொலியில் மருத்துவர் கட்டணக் காப்பீட்டை அறிவித்து அதன் ஐந்து அடிப்படைகளையும் எடுத்துரைத்தார்: முன்கூட்டிப் பணம் செலுத்துதல், எல்லாரையும் உள்ளடக்குதல், உயர்ந்த தரம், பொது நிர்வாகம், மருத்துவருக்கும் நோயாளிக்கும் ஏற்புடைமை. கடைசி அடிப்படைதான் இடறியது. மருத்துவர் கழகம் 1960 தேர்தலில் ஓர் எதிர்க்கட்சியைப் போலவே நிதி திரட்டிப் பரப்புரை செய்தது. அரசு மருத்துவம் வந்தால் மருத்துவர்கள் மாகாணத்தை விட்டு வெளியேறுவர் என்று அச்சுறுத்தியது. கட்சி வென்றது, வாக்கு விழுக்காடு குறைந்திருந்தாலும் ஆணை தெளிவாக இருந்தது. ஆனால் சட்டம் நிறைவேறும் தறுவாயில், தொழிற்சங்கங்களுடன் இணைந்து சி.சி.எஃப். புதிய சனநாயகக் கட்சியாக 1961 ஆகஸ்டில் உருமாறியபோது, டக்ளஸ் அதன் தேசியத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு நவம்பரில் முதல்வர் பதவியைத் துறந்தார்.

இதனால் போராட்டத்தின் முழுச்சுமையும் அவருக்குப் பின் முதல்வரான வுட்ரோ லாயிட் மீது விழுந்தது. திட்டம் தொடங்கிய 1962 ஜூலை 1 அன்று மாகாணத்தின் பெரும்பாலான மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். குறிப்பிட்ட சில மருத்துவமனைகளில் மட்டும் அவசர சிகிச்சை நடந்தது. பிரித்தானியாவிலிருந்து மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டனர். சில நகரங்களில் மக்களே கூட்டுறவு மருத்துவ நிலையங்களைத் திறந்தனர். ரெஜைனாவில் சட்டமன்றத்துக்கு முன் எதிர்ப்பாளர்கள் கூட்டிய பேரணிக்கு அவர்கள் எதிர்பார்த்ததில் சிறுபகுதியினரே வந்தனர். பிரித்தானிய மருத்துவரும் மேலவை உறுப்பினருமான டெய்லர் பிரபுவின் நடுவாண்மையில் 23ஆம் நாள் சாஸ்கட்டூன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அரசு ஊதியம் பெறும் அலுவலராக மாறாமல், செய்த சிகிச்சைக்கேற்பக் கட்டணம் பெறும் தனித்தொழில் உரிமை மருத்துவர்களிடமே நின்றது. பணம் செலுத்துபவராக மட்டும் அரசு ஆயிற்று. கனடாவின் மருத்துவ முறை இன்றும் பொதுக் காப்பீடும் தனியார் மருத்துவத்தொழிலும் கலந்ததாக இருப்பதன் வேர் இந்த உடன்படிக்கையில் உள்ளது. லாயிட் அவமதிப்பையும் மிரட்டலையும் தாங்கி நின்றார். 1964 தேர்தலில் ஆட்சியையும் இழந்தார். டக்ளஸுக்குக் கிடைத்த புகழில் அவருக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்பது வரலாற்றின் அநீதிகளுள் ஒன்று.

தேசிய அரங்கில் டக்ளஸின் தேர்தல் கணக்கு எளியது. மருத்துவர் எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்த 1962 ஜூனில் ரெஜைனாவிலேயே அவர் பெரும் வித்தியாசத்தில் தோற்று, பிரிட்டிஷ் கொலம்பியாவில் இடைத்தேர்தல் மூலம் அவைக்குச் சென்றார். 1968இல் மீண்டும் தோற்று மீண்டும் இடைத்தேர்தலில் வென்றார். அவர் தலைமையில் கட்சி ஒருமுறையும் 22 இடங்களைத் தாண்டவில்லை. ஆயினும் பிரதமர் லெஸ்டர் பியர்சனின் சிறுபான்மை அரசு அக்கட்சியின் ஆதரவை நாடியிருந்த காலத்தில், சஸ்காச்சுவான் நீதிபதி எம்மெட் ஹால் தலைமையிலான ஆணையம் 1964இல் நாடு முழுமைக்கும் அம்மாகாணத்தின் வழியைப் பரிந்துரைத்தது; 1966 டிசம்பரில் மருத்துவப் பராமரிப்புச் சட்டம் 177க்கு 2 என்ற வாக்குகளில் நிறைவேறியது. பத்து மாகாணங்களும் 1971க்குள் அதில் இணைந்தன. 1970 அக்டோபரில், கியூபெக்கில் நிகழ்ந்த கடத்தல்களை அடுத்து அரசு போர்க்காலச் சட்டத்தைக் கொண்டுவந்து விசாரணையின்றிக் கைது செய்தபோது, மக்களின் பெருவாரியான ஆதரவு அரசின் பக்கம் இருந்தும் டக்ளஸ் தம் கட்சியினருள் பெரும்பாலாரோடு எதிர்த்து வாக்களித்தார். அவருடைய நாடாளுமன்ற வாழ்வில் அதைவிடத் துணிவான செயல் இல்லை. 1971இல் தலைமையையும் 1979இல் நாடாளுமன்றத்தையும் விட்டு விலகினார்.

ஓய்வுக்காலத்தில் அவர் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வந்த செய்தி, மருத்துவக் காப்பீடு பாதி வழியில் நிற்கிறது என்பதாகும். நோயாளியையும் மருத்துவரையும் பிரித்த பணத் தடையை அகற்றியது முதற்கட்டம்; மருந்து, பல் மருத்துவம் ஆகியவற்றையும் சேர்த்து, நோய் வராமல் தடுக்கும் முறையாக மருத்துவத்தையே மாற்றி அமைப்பது இரண்டாம் கட்டம் என்று அவர் கருதினார். காப்பீட்டுத் தொகைக்கு மேலும் நோயாளியிடம் மருத்துவர்கள் பணம் வாங்கும் வழக்கம் பெருகியதை 1984ஆம் ஆண்டின் கனடா நல்வாழ்வுச் சட்டம் தடுத்தது. அதைக் காண அவர் இருந்தார், 1986 பிப்ரவரி 24 அன்று மறைந்தார். இரண்டாம் கட்டம் நெடுங்காலம் அசையவில்லை. 2022இல் ஆட்சியிலிருந்த லிபரல் கட்சியோடு புதிய சனநாயகக் கட்சி செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாகவே, குறைந்த வருமானமுள்ளோருக்கான கூட்டரசுப் பல் மருத்துவத் திட்டமும், நீரிழிவு மருந்துகளையும் கருத்தடைச் சாதனங்களையும் முதற்படியாக உள்ளடக்கிய 2024ஆம் ஆண்டின் மருந்துக் காப்பீட்டுச் சட்டமும் வந்தன; அதிலும் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே ஒப்பந்தம் செய்தாலொழிய மருந்து மக்களின் கைக்கு வராது.